செயலாளர் ஆண்டறிக்கை 2025: வேல்ஸ் போய் வந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவுக்கும் சங்கத்துக் குடும்பங்கள் எல்லோருக்கும் வணக்கம். 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகத் தருவார், அதனால் பணவிஷயம் எதுவும் இதில் இருக்காது.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பொங்கல் விழாவுக்கு மண்டபம் நிரம்பி, பின்னால் வந்தவர்கள் நின்றுகொண்டே பார்த்தார்கள். சித்திரைப் புத்தாண்டைச் சின்னதாக, கோயிலோடு சேர்த்து நடத்தினோம். கோடை விளையாட்டு நாளைப் பாதியில் மழை கெடுத்தது, ஆனாலும் கயிறிழுத்தலை விடாமல் முடித்தார்கள். தீபாவளிக்கு இந்த முறை கேட்டரிங் வைக்காமல் வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்று பிரித்துக்கொண்டோம், செலவும் குறைந்தது, சாப்பாடும் நன்றாக இருந்தது, இனி அப்படியே தொடரலாம் என்பது என் கருத்து.

தமிழ்ப் பள்ளியைப் பற்றி மட்டும் கொஞ்சம் மனம் விட்டுப் பேச வேண்டும். பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். சேர்கிறவர்கள் சேர்கிறார்கள், பத்துப் பன்னிரண்டு வயது வந்ததும் நீச்சல், கால்பந்து, டியூஷன் என்று ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். ஆசிரியைகள் சம்பளம் வாங்காமல் சனிக்கிழமை தோறும் வந்து உயிரைக் கொடுத்து நடத்துகிறார்கள், குறை அவர்களிடம் இல்லை. இந்தப் பேச்சு செயற்குழுவில் பல தடவை வந்து, முடிவில்லாமல் போயிருக்கிறது. இந்த ஆண்டு அதற்கு ஒரு வழி தெரிந்தது, அது தெரிந்த இடம் பிரிட்டனின் மேற்கே, வெல்ஷ் என்ற தனி மொழி உள்ள வேல்ஸ் நாடு. அதனால்தான் அங்கே போய் வந்த சங்கச் சுற்றுலாவைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

சுற்றுலா என்றால் எப்போதும் பாரிஸ், சுவிட்சர்லாந்து என்றுதான் பேச்சு வரும். ஆனால் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாக்கள் பிரிட்டிஷ் விசிட்டர் விசாவில் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஐரோப்பா போகத் தனி விசா எடுக்க வேண்டும், அந்த அலைச்சலில் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். வேல்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே. மே மாதக் கடைசியில் பள்ளிகளுக்கு அரைப்பருவ விடுமுறை வாரம், அதையே தேர்ந்தெடுத்தோம். அடுப்படி வசதி உள்ள விடுதிகளாகப் பார்த்துப் பிடித்ததில் வாரம் முழுக்க இடியாப்பம், சொதி, புளியோதரை, ரசம் என்று நம் சமையல்தான். முட்டை, மீன், இறைச்சி எதுவும் பயணத்தின் முதல் பாதியில் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம், காரணம் பின்னால் வருகிறது.

போகிற வழியில் முதலில் வெல்ஷ்பூல் ஊருக்கு அருகே உள்ள போவிஸ் கோட்டையில் இறங்கினோம். செம்மண் நிறக் கல்லில் கட்டிய கோட்டை, கீழே படிப்படியாக இறங்கும் தோட்டம், மேகம் மாதிரி உப்பி வளர்ந்த யூ என்ற மரங்களின் பிரமாண்டமான வேலி. எல்லோரும் போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். ஆனால் நாங்கள் போனது கோட்டைக்குள் இருக்கும் கிளைவ் அருங்காட்சியகத்துக்காக. 1744இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு எழுத்தராக வந்தவர் ராபர்ட் கிளைவ், 1751இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து முற்றுகையைத் தாங்கி நின்றவர். அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னைக் கவர்னர். போவிஸ் குடும்பத்துப் பெண் ஹென்றியட்டாவை மணந்தவர் இவர், அப்படித்தான் இந்த அருங்காட்சியகத்து இந்தியப் பொருட்களெல்லாம் வேல்ஸில் ஒரு மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தன. திப்பு சுல்தானின் கூடாரம் அங்கே இருக்கிறது. பூ வேலைப்பாடு கொண்ட சீட்டித் துணி, நிறம் இன்னும் போகவில்லை. திப்புவின் சிம்மாசனத்தில் இருந்த தங்கப் புலித்தலை ஒன்றும் அங்கேதான், கண்ணிலும் நெற்றியிலும் கல் பதித்தது, உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு.

நம் சங்கத்து மூத்த அம்மா ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வெகு நேரம் நின்றுவிட்டு, "தம்பி, இது ஆற்றை சாமான் எண்டு எழுதியிருக்கினமோ?" என்று கேட்டார், யாருடைய சாமான் என்றுதான். எழுதியிருக்கிறது, ஆனால் அந்தக் கேள்விக்கு அது முழுப் பதிலாகாது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர். அந்த இரண்டு சமயத்திலும் சென்னைக் கோட்டையில் கவர்னராக உட்கார்ந்திருந்தவர் இதே எட்வர்ட் கிளைவ்தான். அந்த இரண்டுக்கும் நடுவே, 1800இல், ஹென்றியட்டா தன் இரண்டு மகள்களோடு ஸ்ரீரங்கப்பட்டணம், திருச்சி, தஞ்சாவூர் என்று மாதக்கணக்கில் சுற்றிப் பார்த்து, பார்த்ததையெல்லாம் எழுதியும் வைத்தார். ஒரே ஆட்சி, ஒரே காலம், ஒரு பக்கம் தூக்குமரம், இன்னொரு பக்கம் சுற்றுலா. பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் இதைச் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் ஏன் சொல்லித் தருவதில்லை என்று பதிமூன்று வயதுப் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. நம் பள்ளியில் நாமாவது சொல்ல வேண்டும்.

வட வேல்ஸில் கோட்டைகளுக்குப் பஞ்சமில்லை. கான்வி, கார்னார்வன், ஹார்லெக் மூன்றும் பார்த்தோம். மூன்றும் 1283ஐ ஒட்டி, வேல்ஸைப் பிடித்த கையோடு இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் கட்டியவை, 1986இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னங்கள். மூன்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் கான்விக்குப் போங்கள். ஊரைச் சுற்றியுள்ள மதில் ஏறக்குறைய முழுசாக நிற்கிறது, அதன் மேலேயே நடந்து போகலாம், கீழே மீன்பிடிப் படகுகள், வீட்டுக் கொல்லைகள், காயப்போட்ட துணி எல்லாம் தெரியும். பிடித்த நாட்டில் முதலில் மதில் கட்டி, உள்ளே ஆங்கிலேயரைக் குடிவைத்தார்கள், வெல்ஷ்காரர்கள் வெளியே. அதே ஊரில் படகுத்துறைக்குப் பக்கத்தில் பிரிட்டனின் மிகச் சிறிய வீடு என்று ஒரு சிவப்பு வீடு இருக்கிறது, அகலம் 1.8 மீட்டர்தான், 1900 வரை ஆறடிக்கு மேல் உயரமான ஒரு மீனவர் குடியிருந்தார். பிள்ளைகளுக்குக் கோட்டையைவிட அதுதான் பிடித்தது.

ஸ்னோடன் மலைக்கு லான்பெரிஸிலிருந்து ரயில். 1896இல் திறந்த பாதை. ஊட்டி மலை ரயிலில் போனவர்களுக்குத் தண்டவாளத்தைப் பார்த்ததும் புரிந்துவிடும், நடுவில் பல் வைத்த அதே ஆப்ட் முறைதான், கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும் பாதையிலும் இதுவே. குன்னூர்க்கார அண்ணன் ஒருவர் பெட்டியில் உட்கார்ந்து பாகம் பாகமாக விளக்க, பக்கத்துச் சீட்டு வெள்ளைக்காரர்களும் காது கொடுத்துக் கேட்டார்கள். மலை 1,085 மீட்டர், தொட்டபெட்டாவின் பாதிகூட இல்லை, ஆனால் அந்தக் காற்றை லேசாக நினைக்கக் கூடாது. அன்று காற்று பலம் என்று முக்கால் தூரத்தில் கிளாக்வின் நிறுத்தத்தோடு ரயிலைத் திருப்பிவிட்டார்கள். இளவட்டங்கள் ரயிலை நம்பாமல் காலையிலேயே லான்பெரிஸ் பாதையில் நடக்கத் தொடங்கியிருந்தார்கள், அவர்கள் மட்டும் உச்சியைத் தொட்டுவிட்டு, மேகத்தைத் தவிர எதையும் பார்க்காமல், முழங்கால் வரை சேறோடு சந்தோஷமாகத் திரும்பினார்கள். இந்த வட்டாரத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க: லான்பெரிஸில் உள்ள சிலேட் அருங்காட்சியகம் புதுப்பிக்கும் வேலைக்காக மூடியிருந்தது, திறந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அதற்குப் பதிலாகப் போர்ட்மேடாக்கிலிருந்து பிளைனை ஃபெஸ்டினியோகுக்குக் குட்டி ரயிலில் போனோம். தண்டவாள அகலம் இரண்டடிக்கும் கொஞ்சம் குறைவு. 1836இல் சிலேட் கல் இறக்கப் போட்ட பாதை. பாரம் ஏற்றிய வண்டிகள் சரிவில் தானாகவே கடலோரம் வரை இறங்கும், காலி வண்டிகளைக் குதிரைகள் இழுத்து மேலே கொண்டுவரும், இறங்கும்போது குதிரைகளும் ஒரு வண்டியில் ஏறி வரும். பிளைனை ஊரைச் சுற்றிலும் உடைந்த சிலேட் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. இந்தக் குவியல்களால்தான் 1951இல் தேசியப் பூங்கா அமைத்தபோது இந்த ஊரை மட்டும் நடுவில் வெட்டி வெளியே விட்டார்கள், அழகாக இல்லையாம். அதே சிலேட் நிலப்பரப்புக்கு 2021இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

இங்கே நான் கேட்டதில் மனதில் நிற்பது சுரங்கத்துக்குள் இருந்த 'கபான்' பற்றி. கல் உடைப்பவர்கள் மதியம் சாப்பிடக் கூடும் குடில். சாப்பிட்டுக்கொண்டே பாட்டு, கவிதை, விவாதம் எல்லாம் நடக்கும், தலைவர் உண்டு, நடவடிக்கைக் குறிப்பேடுகூட எழுதினார்கள், எல்லாம் வெல்ஷ் மொழியில். தூசியில் நுரையீரல் கெட்டுப்போகும் வேலை, அதற்கு நடுவே அரைமணி நேர இடைவெளியில் இலக்கியக் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள். சங்கத்துக் குறிப்பேட்டை எழுதுகிறவன் என்ற முறையில் அந்த மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

அப்புறம் பாலா ஊரைத் தாண்டி ட்ரவெரின் பள்ளத்தாக்கு. பயணத் திட்டத்தில் இதைச் சேர்த்தபோது, ஒரு ஏரியைப் பார்க்க எதற்கு இவ்வளவு சுற்று என்று கேட்டார்கள். அந்த ஏரிக்கு அடியில் காப்பெல் கெலின் என்ற ஊர் இருக்கிறது. தேவாலயம், பள்ளிக்கூடம், தபால் நிலையம், வீடுகள், பண்ணைகள், எல்லோரும் வெல்ஷ் பேசிய ஊர். லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1957இல் லண்டன் பாராளுமன்றம் சட்டம் போட்டது, வேல்ஸைச் சேர்ந்த ஒரு உறுப்பினர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை, இருந்தும் சட்டம் நிறைவேறியது. ஊர்க்காரர்கள் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். பலன் இல்லை. 1965இல் அணை திறந்தது. லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005இல்.

கரையில் ஒரு சின்ன நினைவுத் தேவாலயம் இருக்கிறது, மூழ்கப்போகும் வீடுகளிலிருந்து எடுத்த கற்களால் கட்டியது. மழை தூறிக்கொண்டிருந்தது. நம் ஆட்களில் வன்னியிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்கள் ஊரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. அன்று அந்த அப்பா மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தான் பிறந்த வீட்டுக்கு எத்தனை வாசல், கிணறு எந்தப் பக்கம் என்று தானாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அதையெல்லாம் முதல் தடவையாகக் கேட்கிறாள். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பஸ்ஸை அரைமணி நேரம் கூடுதலாக நிறுத்தி வைத்தோம், டிரைவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் தெற்கே கடற்கரைச் சாலையில் லான்ரிஸ்டிட் பக்கத்தில் ஒரு பாழடைந்த சுவர். சிவப்பு வண்ணத்தின் மேல் வெள்ளையில், ட்ரவெரினை மறக்காதே என்று வெல்ஷில் எழுதியிருக்கிறது. 1960களில் எழுதியது. 2019இல் யாரோ அதைச் சிதைத்தபோது, ஊர்க்காரர்கள் திரும்பக் கட்டி எழுதினார்கள், அதோடு நிற்காமல் வேல்ஸ் முழுக்க அதே வாசகத்தைச் சுவர் சுவராக எழுதிவைத்தார்கள். நாங்கள் போன வழியில் மாட்டுத்தொழுவச் சுவர் ஒன்றில்கூடப் பார்த்தோம்.

அபரிஸ்ட்வித்தில் ஒரு இரவு. கடலோர நடைபாதை, குன்றின் மேல் ஏறும் கம்பிவட ரயில், தேசிய நூலகம் எல்லாம் உண்டு, நேரம் இருப்பவர்கள் நிதானமாகப் பார்க்கலாம். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஊரில் 1939இல் நடந்த ஒரு காரியம். இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ் என்பவர் அங்கே வெல்ஷ் வழியில் பாடம் சொல்லித்தரும் முதல் ஆரம்பப் பள்ளியைத் தொடங்கினார். அரசு உதவி கிடையாது. ஏழு பிள்ளைகள். ஏழே ஏழு! அதற்கு எட்டு ஆண்டு கழித்து, 1947இல், லானெல்லியில் அரசுப் பணத்திலேயே வெல்ஷ் வழிப் பள்ளி வந்தது, இன்று நாடு முழுக்க அப்படிப்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. வேல்ஸின் மொத்த மக்கள்தொகையே 31 லட்சம், கோயம்புத்தூர் மாவட்டத்தைவிடக் குறைவு. அதில் வெல்ஷ் பேசுகிறவர்கள் 2021 கணக்கெடுப்பின்படி 5,38,000 பேர், மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17.8 சதவீதம். பக்கத்தில் ஆங்கிலம் என்ற பெரிய மொழியை வைத்துக்கொண்டு இவர்கள் 2050க்குள் பத்து லட்சம் பேர் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்.

கார்மார்தன் பக்கம் வந்ததும் ஸ்கந்த வேல் ஆசிரமம். நம்மில் பலர் ஏற்கெனவே போயிருக்கிறீர்கள். இலங்கையில் பிறந்த குரு ஸ்ரீ சுப்ரமணியம் 1973இல் தொடங்கியது. முருகன், சக்தி, ரங்கநாதர் என்று காட்டுக்குள் மூன்று கோயில்கள், துறவிகளில் பெரும்பாலோர் ஐரோப்பியர்கள், பூஜைகள் காலை முதல் இரவு வரை. வருவதற்கு முன் மூன்று நாள் மாமிசம், மீன், முட்டை, மது தொடக் கூடாது என்பது அங்கே விதி, நான் முன்னால் சொன்ன சாப்பாட்டுக் கட்டுப்பாடு இதற்காகத்தான். 2007இல் ஷம்போ என்ற காளைக்குக் காசநோய்ப் பரிசோதனையில் நோய் இருப்பதாக வந்து, அதைக் கொல்ல அரசு ஆணையிட்டபோது, நீதிமன்றம் வரை போய்ப் போராடினார்கள், கடைசியில் அதிகாரிகள் வந்து கொண்டுபோனார்கள். பெரியவர்கள் பலர் அந்தச் சம்பவத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தது நினைவிருப்பதாகச் சொன்னார்கள். தங்க, சாப்பிடக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை. அடுத்த முறை போகிறவர்களுக்கு ஒரு தகவல்: கடைசிப் பாதை மிகக் குறுகல், பெரிய பஸ் போகாது. நாங்கள் அமர்த்திய பஸ் நிறுவனத்திடம் இதை முன்பே கேட்டிருந்தும் போகும் என்றுதான் சொன்னார்கள், போய்ப் பார்த்தால் திருப்பக்கூட இடமில்லை, பெரியவர்களைச் சின்ன வண்டிகளில் தவணை தவணையாகக் கொண்டுசேர்க்க வேண்டியதாயிற்று. அந்த நிறுவனத்துக்கு எழுதி, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றிருக்கிறோம்.

பெம்ப்ரோக்ஷயர் கடற்கரையில் ஸ்கோமர் தீவுக்குப் படகு பதிவு செய்திருந்தோம், பஃபின் பறவைகளைப் பார்க்க. வடக்குக் காற்று அடித்தால் அங்கே படகு ஒதுங்க முடியாது, அன்று அதுதான் அடித்தது. பிள்ளைகள் முகம் வாடிப்போனது. செயின்ட் டேவிட்ஸ் போய்ச் சேர்ந்தோம், இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர், ஆனாலும் நகரம் என்ற அந்தஸ்து உண்டு. தேவாலயத்தைக் கடலிலிருந்து கண்ணில் படாதபடி பள்ளத்தில் கட்டியிருக்கிறார்கள், ஊருக்குள் நின்றாலும் கோபுர உச்சி மட்டும்தான் முதலில் தெரியும். இரண்டு தடவை இங்கே வந்தால் ஒரு தடவை ரோம் போன புண்ணியம் என்று இடைக்காலப் போப் ஒருவர் சொன்னதாக வழக்கு. திரும்பும் வழியில் பென்ட்ரே இவான் கற்திட்டை. ஐந்து மீட்டர் நீளப் பாறையை மூன்று கற்களின் நுனி தாங்கி நிற்கிறது, ஐயாயிரம் வருஷத்துக்கு மேலாக. கொடைக்கானல் பக்கத்துக் கற்திட்டைகளைப் பார்த்து வளர்ந்த ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அடுத்த நாள்தான், என்னைப் பொறுத்தவரை, பயணத்தின் உச்சம். போர்ட் டால்பட் அருகே மார்கம் பூங்காவில், வெல்ஷ் மொழி இளைஞர் அமைப்பான இர்த் நடத்தும் ஐஸ்டெத்வோட் விழா. வெல்ஷ் பேசும் பிள்ளைகளுக்கான கலைப்போட்டித் திருவிழா, ஆண்டுதோறும் இந்த விடுமுறை வாரத்தில், ஒவ்வொரு ஆண்டும் வேறு வேறு ஊரில். இந்த ஆண்டு அந்த ஊர்களுக்கு வந்ததில் ஒரு பொருத்தம் இருந்தது, 2024 செப்டம்பரில்தான் டாடா நிறுவனம் போர்ட் டால்பட் எஃகு ஆலையின் கடைசி ஊதுலையை மூடியது, ஊரே கலங்கியிருந்த நேரம். இர்த் அமைப்பை 1922இல் தொடங்கியவர், ஏழு பிள்ளைகளோடு பள்ளி நடத்திய அதே இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ்.

பூங்காவின் புல்வெளி முழுக்கக் கூடாரங்கள். சிவப்பு, வெள்ளை, பச்சை. ஒரு அரங்குக்குள் நுழைந்தோம். பள்ளிச் சீருடையில் ஒரு பெண், பதினாலு வயது இருக்கும், கையில் தாள் எதுவும் இல்லாமல் மேடை நடுவில் நின்று ஒரு நீண்ட கவிதையை ஒப்பித்தாள். ஒப்பித்தாள் என்பது போதாது, ஓரிடத்தில் குரலை இறக்கி, கிட்டத்தட்ட முணுமுணுப்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் தலையைத் தூக்கினாள், அரங்கம் அசையவில்லை. நமக்கு ஒரு வார்த்தை புரியாது. நம் தமிழ்ப் பள்ளி ஆசிரியை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்தால் வேறு உலகம். பாறையேறும் செயற்கைச் சுவர், பந்து விளையாட்டு, பாட்டுக் குழுக்கள், ஐஸ்கிரீம் வரிசை, எல்லாவற்றிலும் பேச்சு வெல்ஷ். வீட்டில் வெல்ஷ் பேசாத, பள்ளியில் மட்டும் படிக்கிற பிள்ளைகளுக்குத் தனிப் போட்டிகள் வைத்திருக்கிறார்கள். அதாவது மொழி சரளமாக வராத பிள்ளைக்கும் மேடை உண்டு, வீட்டில் பேசுகிற பிள்ளையோடு மோதித் தோற்க வேண்டியதில்லை. அங்கே ஒரு தன்னார்வலரிடம் பேச்சுக் கொடுத்தேன். பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைத்து மட்டும் மொழியைத் தக்கவைக்க முடியாது, அவர்கள் விளையாடும் இடத்திலும் சண்டை போடும் இடத்திலும் அந்த மொழி இருக்க வேண்டும் என்றார். இர்த் நடத்தும் முகாம்களைப் பற்றியும் சொன்னார், லான்க்ரானோகில் 1932இலிருந்து, பாலா ஏரிக்கரையில் 1950இலிருந்து, படகு விடுவதும் குதிரை ஏறுவதும் எல்லாம் வெல்ஷிலேயே.

நான் இந்த இடத்தில் நேராகவே சொல்லிவிடுகிறேன். நாம் பிள்ளைகளிடம் தமிழை வகுப்பறையில் மட்டும் கொடுக்கிறோம், கால்பந்தையும் நீச்சலையும் சிரிப்பையும் ஆங்கிலத்தில் விட்டுவிடுகிறோம். பத்து வயதில் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? இதில் பிள்ளைகளைக் குறை சொல்வது நியாயமில்லை. அன்று மாலை விடுதியில் சமைத்துக்கொண்டே பெற்றோர்கள் பேசியதுதான் கீழே வரும் தீர்மானங்களுக்கு வித்து.

கடைசி நாள் பிளைனவானில் உள்ள பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம். 1980இல் மூடியது, 1983 முதல் அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் இல்லை. போன், கைக்கடிகாரம், ரிமோட் சாவி என்று பேட்டரி உள்ள எல்லாவற்றையும் மேலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், தீப்பொறி ஆபத்து. ஹெல்மெட், விளக்கு, இடுப்பில் கனமான பெல்ட். கூண்டு 90 மீட்டர் இறங்குகிறது. கூட்டிப்போனவர் அங்கேயே வேலை பார்த்த பழைய தொழிலாளி. 1842இல் சட்டம் வரும் வரை ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் காற்றுக்கதவைத் திறந்து மூட இருட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். கண்ணுக்கு முன்னால் கையை வைத்தால் தெரியவில்லை. ஒரு நிமிஷம்கூட இருக்காது, எனக்குப் பக்கத்தில் நின்ற சின்னவன் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். குதிரை லாயத்தில் ஒவ்வொரு தடுப்பின் மேலும் அந்தக் குதிரையின் பெயர் எழுதியிருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் உறுப்பினர் ஒருவர் அந்தத் தொழிலாளியோடு கூலி, வீடு, தொழிற்சங்கம் என்று பேசிக்கொண்டே போனார், கூண்டு வந்தபிறகும் இருவரும் பேச்சை விடவில்லை.

சில குறைகள் வந்திருக்கின்றன. வரலாறு அதிகம், கடைவீதி குறைவு என்று சிலர் எழுதினீர்கள். கார்டிஃபில் இறங்காமல் வந்தது வருத்தம் என்றும். கார்டிஃபுக்கு ஒரு நாள் பயணமாகத் தனியே போய்வரலாம், ஏற்பாடு செய்யத் தயார். ஆனால் ட்ரவெரினையும் மார்கத்தையும் விட்டுவிட்டு ஷாப்பிங் சேர்ப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். இன்னொரு குறை நியாயமானது: முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடை அதிகமாகிவிட்டது. அடுத்த பயணத்தில் அவர்களுக்குத் தனி நிரல் இருக்கும். வண்டி ஓட்டும் தம்பிகளுக்கும் ஒரு தகவல், வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து ஊருக்குள் பெரும்பாலான சாலைகளில் மணிக்கு 20 மைல்தான், சொந்தக் காரில் பின்னால் வந்தவர்களுக்கு வந்த அபராதக் கடிதங்களைச் சங்கம் கட்டாது.

பொதுக்குழுவின் முன் வைக்கும் தீர்மானங்கள் இவை. தமிழ்ப் பள்ளி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பறையை விட்டு வெளியே நடக்கும், கால்பந்தோ நீச்சலோ சமையலோ, பேச்சு தமிழில். அதற்குத் தமிழ் பேசத் தெரிந்த, விளையாடத் தெரிந்த இளைஞர்கள் வேண்டும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளைத்தான் கேட்கப்போகிறோம். பொங்கல் விழாவில் ஒப்புவித்தல் போட்டியை இரண்டாகப் பிரிக்கிறோம், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு ஒன்று, பள்ளியில் மட்டும் பழகுகிறவர்களுக்கு ஒன்று, பரிசு இரண்டுக்கும் சமம். கோடை விடுமுறையில் இரண்டு இரவு தங்கும் முகாம் ஒன்று, முதலில் சின்ன அளவில். ஏழு பிள்ளைகள் வந்தாலும் நடத்துவோம். மூத்தவர்கள் தங்கள் ஊர், வீடு, தொழில் பற்றிச் சொல்வதைப் பதிவு செய்யும் வேலையையும் தொடங்க விரும்புகிறோம், முதல் பதிவுக்கு அந்த வன்னிக் குடும்பமும் தோட்டத்து அண்ணனும் சம்மதித்திருக்கிறார்கள்.

வாரம் முழுக்கச் சமையற்கட்டில் நின்ற அக்காமார், பஸ்ஸில் முதலுதவிப் பெட்டியோடு வந்த மருத்துவத் தம்பதி, பணத்தை ஒரு பென்னி விடாமல் கணக்கு வைத்த பொருளாளர், பொறுமையாக ஓட்டிய டிரைவர், எல்லோருக்கும் சங்கத்தின் நன்றி. முகாமுக்குப் பிள்ளைகளின் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் பொதுக்குழு அன்றே ஆசிரியையிடம் கொடுத்துவிடுங்கள், இடம் பிடிக்க முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது. இந்த அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்